வாடுஸ்: ஆல்ப்ஸ் அடிவாரத்துச் சின்னத் தலைநகரை நடந்தே பார்க்க முழு வழிகாட்டி

லிக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் தலைநகர் வாடுஸ். சுற்றுலாப் பேருந்தில் அங்கே வருகிறவர்களில் பலருக்கு அங்கே கிடைப்பது ஒரு மணி நேரம்தான். கடைத்தெருவில் ஒரு நடை, மலைமேல் தெரியும் கோட்டையோடு ஒரு படம், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை. அதோடு பேருந்தில் ஏறி, "பார்க்க ஒன்றுமில்லாத ஊர்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு முழு நாளை ஒதுக்கி, சரியான வரிசையில், காலால் நடந்து பார்த்தால் ஒரு குட்டி நாடு எப்படி உருவாகி எப்படித் தாக்குப்பிடித்தது என்பது சிறு நடைத்தூரத்துக்குள்ளேயே கண்முன் விரியும். அந்த ஒரு நாளை எப்படிப் போடுவது என்பதைக் காலையிலிருந்து மாலைவரை இங்கே சொல்கிறோம்.

முதலில் அளவு. லிக்டென்ஸ்டைன் நாட்டின் பரப்பு 160 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 40,000. நாட்டில் மொத்தம் 11 ஊராட்சிகள். தலைநகரான வாடுஸில் ஏறத்தாழ 6,000 பேர்தான் வசிக்கிறார்கள். பக்கத்து ஊரான ஷான் அதைவிடப் பெரியது. கிழக்கே மலை, மேற்கே ரைன் ஆறு, ஆற்றுக்கு அக்கரை சுவிட்சர்லாந்து. உள்ளூர்க்காரர் வாயில் ஊர்ப்பெயர் "ஃபடுட்ஸ்" என்றுதான் வரும். பேருந்தில் அறிவிப்பைக் கேட்டு இறங்க வேண்டியிருப்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்புமுன்

விசாவில் குழப்பம் வேண்டாம். லிக்டென்ஸ்டைன் 2011 டிசம்பர் முதல் ஷெங்கன் பகுதியில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில்) இருக்கிறது. அதற்கென்று தனி விசா கிடையாது. விசா வேலையை அதற்காகச் செய்வது சுவிட்சர்லாந்துதான். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் எந்த ஷெங்கன் நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயண நாளுக்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. கோடை விடுமுறைக்கு நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஒருமுறை நுழைவு விசாவே போதும்: சூரிச், வாடுஸ், ஆஸ்திரியா என்று போய் வருவதெல்லாம் ஷெங்கனுக்குள்ளேயே நடப்பதால் புது நுழைவாகக் கணக்கில் வராது. சுவிட்சர்லாந்தில் குடியிருப்பு அனுமதியோடு வாழும் தமிழர்களுக்கு விசாவே தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினால் ஆயிற்று. சுவிஸ் எல்லையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காகப் பாஸ்போர்ட்டையும் அனுமதி அட்டையையும் வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

எந்தக் கிழமை போகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். திங்கட்கிழமை வேண்டாம். கலை அருங்காட்சியகமும் தேசிய அருங்காட்சியகமும் அன்று மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை 10 முதல் மாலை 5 வரை திறந்திருக்கும். ஞாயிறன்று அருங்காட்சியகங்கள் உண்டு, ஆனால் மளிகைக் கடைகள் பூட்டியிருக்கும். தண்ணீர் பாட்டில், ரொட்டி, பழம் என்று கையில் எடுத்துப்போவது நல்லது. (குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.) லிக்டென்ஸ்டைன் கத்தோலிக்க நாடு. மார்ச் 19, செப்டம்பர் 8 போன்ற நாட்கள் அங்கே பொது விடுமுறை. சூரிச்சில் அதே நாளில் எல்லாம் வழக்கம்போல் ஓடும். சூரிச்சை வைத்து நாள் குறித்தவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஆகஸ்ட் 15 அந்த நாட்டின் தேசிய நாள். இந்தியாவுக்கும் அதே தேதி என்பதால் மறக்கவே மறக்காது. கோட்டையை ஒட்டிய புல்வெளியில் அரசு விழா, தெருவெங்கும் மக்கள், இரவில் வாணவேடிக்கை. அன்று போனால் திருவிழாவைப் பார்க்கலாம், ஊரைப் பார்க்க முடியாது. எது வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு போங்கள்.

பணம் சுவிஸ் பிராங்கு. யூரோவைப் பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள், மீதியை பிராங்கில் தருவார்கள், மாற்று விகிதம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அட்டை எங்கும் செல்லும். காப்பி ஒன்று 5 பிராங்கு அளவில், உட்கார்ந்து சாப்பிடும் மதிய உணவு ஆளுக்கு 25 முதல் 35 பிராங்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கைபேசி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. லிக்டென்ஸ்டைன் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியைச் சேர்ந்தது, சுவிட்சர்லாந்து சேராதது. ஜெர்மனியிலோ பிரான்சிலோ வாங்கிய சிம் வாடுஸில் கூடுதல் கட்டணம் இல்லாமல் வேலை செய்யும்; ஆனால் ஆற்றங்கரைக்குப் போனதும் அக்கரைச் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் எகிறும். சுவிஸ் சிம் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு நேர்மாறு, ஏனென்றால் லிக்டென்ஸ்டைனுக்கு +423 என்று தனிக் குறியீடு, தனி வலையமைப்பு. அமைப்புகளுக்குள் போய் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது. சார்ஜருக்கு நம்மூர் இரண்டு முள் மெல்லிய பிளக் சுவிஸ் பொருத்தியில் நுழையும், மூன்று முள் பிளக் நுழையாது.

வந்து சேரும் வழி

வாடுஸில் விமான நிலையமும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. "ஷான்-வாடுஸ்" என்ற பெயரில் ஒரு நிலையம் வரைபடத்தில் தெரியும். அது ஷானில் இருக்கிறது. அங்கிருந்து வாடுஸ் மையம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். அந்தத் தடத்தில் நிற்கும் ரயில்களும் குறைவு. பெயரை நம்பி அங்கே இறங்கத் திட்டமிடாதீர்கள்.

சூரிச்சிலிருந்து வரும் நல்ல வழி இது. சூரிச் மத்திய நிலையத்தில் கூர் நகருக்குப் போகும் விரைவு ரயிலில் ஏறி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சார்கான்ஸில் இறங்குங்கள். ரயில் போகும் திசைக்கு இடதுபக்க ஜன்னலில் உட்காருங்கள். முதலில் சூரிச் ஏரி, பிறகு வாலன் ஏரி, அதன் மறுகரையில் செங்குத்தாக எழும் குர்ஃபிர்ஸ்டன் சிகரங்கள் எல்லாமே அந்தப் பக்கம்தான். சார்கான்ஸ் நிலையத்தின் வாசலிலேயே லீமொபில் நிறுவனத்தின் 11-ம் எண் பேருந்து வரும். பால்ட்ஸர்ஸ், ட்ரீசன் ஊர்களைக் கடந்து அரை மணி நேரத்தில் "வாடுஸ், போஸ்ட்" நிறுத்தத்தில் விடும். சுவிஸ் ரயில்வே செயலியில் சேருமிடமாக இந்த நிறுத்தத்தின் பெயரையே போட்டால் ரயில், பேருந்து இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும். வெறுமனே சார்கான்ஸ் வரை எடுத்திருந்தால் பேருந்து ஓட்டுநரிடம் வாங்கிக்கொள்ளலாம். ஆஸ்திரியப் பக்கமிருந்து வருபவர்கள் ஃபெல்ட்கிர்க் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து லீமொபில் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

காரில் வருகிறவர்கள் கவனிக்க: லிக்டென்ஸ்டைனில் நெடுஞ்சாலை வரி வில்லை (வரி கட்டியதற்காகக் காரில் ஒட்டும் ஸ்டிக்கர்) கிடையாது, ஏனென்றால் அங்கே விரைவுச் சாலையே கிடையாது. ஆனால் வந்துசேரும் ஏ13 சாலை சுவிட்சர்லாந்தில் ஓடுகிறது. அதற்கு 40 பிராங்கு ஆண்டு வில்லை கட்டாயம். ஆஸ்திரியாவின் ஏ14 வழியாக வந்தால் ஆஸ்திரிய வில்லை வேண்டும்.

காலை: முதலில் மேலே ஏறுங்கள்

வந்தவுடன் கடைத்தெருவில் இறங்கிவிடுவது இயல்பு. அதைச் செய்யாதீர்கள். காரணம் வெயில். ஊருக்குக் கிழக்கே மலை நிற்பதால் காலையில் கோட்டையின் ஊர்ப்பக்க முகம் நிழலில் இருக்கும். கீழிருந்து எடுக்கும் படம் கறுத்துப்போகும். அதே நேரம் மேலே ஏறி மேற்கே பார்த்தால், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ரைன் பள்ளத்தாக்கும் அக்கரைச் சுவிஸ் மலைகளும் பளிச்சென்று தெரியும். ஆகவே காலையில் மேலிருந்து கீழே பாருங்கள், பிற்பகலில் கீழிருந்து மேலே பாருங்கள்.

நடுத்தெருவிலிருந்தே கோட்டைப் பாதைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. ஏற்றம் ஏறத்தாழ 120 மீட்டர். நிதானமாக நடந்தால் 20 முதல் 30 நிமிடம். வழிநெடுக நாட்டின் வரலாற்றைச் சொல்லும் பலகைகள் நிற்கின்றன; மூச்சு வாங்க அவையே நல்ல சாக்கு. மரநிழல் உண்டு, ஆனால் மழைநாளில் உதிர்ந்த இலைமேல் கால் வழுக்கும். செருப்போடு வராதீர்கள், ரப்பர் அடியுள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிரமம்.

மேலே போனதும் பலருக்கு ஏமாற்றம்: கோட்டை வாசல் மூடியிருக்கும். உள்ளே போக முடியாது, டிக்கெட்டும் இல்லை. அது மன்னர் குடும்பம் வாழும் வீடு. 1938-ல் இரண்டாம் ஃபிரான்ஸ் யோசஃப் இங்கே குடிவந்ததிலிருந்து அப்படித்தான். வெளியிலிருந்து பார்க்கவே நிறைய இருக்கிறது. கோட்டையின் பெயர் 1322-ல் ஆவணத்தில் வருகிறது. நடுவே நிற்கும் தடித்த சதுரக் கோபுரம் அதற்கும் பழையது, அடித்தளத்தில் சுவர் 4 மீட்டர் தடிமன் வரை போகிறது. 1499-ல் சுவாபியப் போரில் சுவிஸ் படை இதைக் கொளுத்தியது. பிறகு பீரங்கிக்குத் தாங்குமாறு கட்டப்பட்டவைதான் மூலைகளில் பருத்து நிற்கும் வட்டக் கொத்தளங்கள். சதுரக் கோபுரத்தையும் வட்டக் கொத்தளத்தையும் ஒரே பார்வையில் வைத்துப் பாருங்கள்: அம்புக்காலக் கட்டடமும் வெடிமருந்துக்காலக் கட்டடமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இன்று நாம் காணும் தோற்றம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் யோஹானின் காலத்தில் நடந்த திருப்பணியில் வந்தது.

இந்த இடத்தில் நின்றுகொண்டே நாட்டின் கதையைத் தெரிந்துகொண்டால் கீழே பார்க்கப்போவதெல்லாம் புரியும். லிக்டென்ஸ்டைன் என்பது குடும்பப் பெயர். வியன்னா அருகிலுள்ள வேறொரு கோட்டையிலிருந்து வந்தது. அந்தக் குடும்பத்திடம் செல்வமும் நிலமும் ஏராளம். ஆனால் அன்று மத்திய ஐரோப்பாவில் இருந்த புனித ரோமப் பேரரசின் மன்றத்தில் இடம்பெற, பேரரசரிடமிருந்து நேரடியாகப் பெற்ற நிலம் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. அப்படிப்பட்ட நிலம் இங்கே விலைக்கு வந்தது. யோஹான் ஆடம் ஆண்ட்ரியாஸ் 1699-ல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-ல் வாடுஸையும் வாங்கினார். 1719 ஜனவரி 23 அன்று பேரரசர் ஆறாம் கார்ல் இரண்டையும் சேர்த்து, வாங்கிய குடும்பத்தின் பெயரையே சூட்டினார். மன்றத்தில் ஒரு நாற்காலிக்காக வாங்கிய நிலம் என்பதால் ஆளும் மன்னர் யாரும் நெடுங்காலம் இந்தப் பக்கம் வரவே இல்லை. முதலில் வந்து பார்த்தவர் இரண்டாம் அலோயிஸ், 1842-ல். பேரரசு 1806-ல் மறைந்தது, இந்தச் சிறுநிலம் தனிநாடாக நின்றுவிட்டது. 1868-ல் படையையும் கலைத்துவிட்டார்கள். இன்றைய மன்னர் இரண்டாம் ஹான்ஸ்-ஆடம். 2004 முதல் ஆட்சிப்பொறுப்பை அவர் மகன் அலோயிஸ் பார்க்கிறார்.

ஷ்டெட்லெ: தெற்கிலிருந்து வடக்கே

இறங்கி வந்ததும் ஷ்டெட்லெ தெருவின் தென்முனைக்குப் போய்விடுங்கள். "சின்ன நகரம்" என்று பொருள்தரும் இந்த நடைபாதைத் தெருவில்தான் எல்லாமே இருக்கிறது. தெற்கிலிருந்து தொடங்கினால் கோயில், அரசு, கலை, கடை என்று வரிசையாக வரும்.

தென்முனையில் புனித ஃப்ளோரின் பேராலயம். வியன்னாவில் புகழ்பெற்றிருந்த கட்டடக் கலைஞர் ஃப்ரீட்ரிக் ஃபான் ஷ்மிட்டின் வரைவில், 1873-ல் கட்டி முடிக்கப்பட்ட நவ-கோதிக் (இடைக்காலக் கோதிக் பாணியைப் பின்பற்றிய) ஆலயம். ஊர்க்கோயிலாக இருந்தது, 1997-ல் வாடுஸ் பேராயரின் கீழ் தனி உயர்மறைமாவட்டமானபோது பேராலயம் ஆனது. அதை ஒட்டி மன்னர் குடும்பத்தின் கல்லறைக்கூடம். பூசை நடக்கும்போது சுற்றிப் பார்க்கக் கூடாது. தொப்பியைக் கழற்றுங்கள், படம் எடுக்குமுன் வாசலில் உள்ள அறிவிப்பைப் பாருங்கள்.

அடுத்து 1905-ல் முடிந்த அரசு மாளிகை. முகப்பில் நாட்டுச் சின்னத்தின் ஓவியம். அதற்குப் பக்கத்தில் 2008-ல் திறந்த நாடாளுமன்றம், ஹான்ஸ்யோர்க் கோரிட்ஸ் வடிவமைத்தது. இங்கே ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். சுவர், கூரை, கீழே மிதிக்கும் முற்றம் எல்லாம் ஒரே காவிமஞ்சள் செங்கல். உச்சிவரை கூர்ந்து சரியும் கூரையில் ஓடே கிடையாது, செங்கல்தான். கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் நிறம் சற்று மாறுவது தெரியும். அதனால்தான் அவ்வளவு பெரிய வெற்றுச்சுவர் கண்ணை உறுத்தவில்லை. உள்ளே 25 உறுப்பினர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். பெண்களுக்கு வாக்குரிமை 1984-ல்தான் கிடைத்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாட்டின் பெருமைகளோடு இதுவும் அதன் வரலாறுதான்.

தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பழைய வீடுகளை இணைத்துக் கட்டிய இடம், அறைக்கு அறை தளம் மாறும், அதனால் வழி தப்புவது எளிது. கீழ்த்தளத்திலிருந்து வரிசை எண்ணைப் பின்பற்றுங்கள்.

அதையடுத்த ஆங்கிலேயர் கட்டடத்தில் இரண்டு இருக்கின்றன. ஒன்று கருவூலம், 2015-ல் திறந்தது. சிறிய இருட்டறை, கண்ணாடிப் பேழைகளில் மட்டும் வெளிச்சம். அரச குடும்பத்தின் ஆயுதங்கள், பரிசுப்பொருள்கள், ரஷ்ய நகைக்கலைஞர் ஃபபெர்ஜேயின் அலங்கார முட்டை. அவற்றோடு அப்பல்லோ 11, அப்பல்லோ 17 பயணங்கள் கொண்டுவந்த நிலாக்கற்களின் துணுக்குகள். அமெரிக்கா பல நாடுகளுக்கும் அன்பளிப்பாக அனுப்பியவற்றில் இந்த நாட்டுக்கு வந்தவை இவை. அரிசிமணிகள் போல்தான் இருக்கும். அவசரத்தில் பலர் பார்க்காமலே நகர்ந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று அஞ்சல் அருங்காட்சியகம். அனுமதி இலவசம். சிறிதாக இருக்கிறதே என்று தாண்டிப்போக வேண்டாம், இந்த நாட்டுக்குத் தபால்தலை விளையாட்டுப் பொருள் கிடையாது. முதல் தபால்தலைகள் 1912-ல் வந்தன, 5, 10, 25 ஹெல்லர் (அப்போதைய ஆஸ்திரியச் சில்லறை நாணயம்) மதிப்பில், இரண்டாம் யோஹானின் உருவத்தோடு. தொழில்கள் வளராத ஏழை விவசாய நாடாக இருந்த காலத்தில் உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்களிடம் தபால்தலை விற்றதும் அரசுக்கு முக்கிய வருமானமாக இருந்தது. சுவரிலிருந்து இழுத்துப் பார்க்கும் சட்டங்களில் தபால்தலைகள் ஆண்டுவாரியாக இருக்கும். முதல் சட்டத்தை இழுத்துவிட்டு, உடனே கடைசிச் சட்டத்தையும் இழுத்துப் பாருங்கள்.

தெருவின் நடுவில் ஜன்னலே இல்லாததுபோல் நிற்கும் கறுப்புப் பெட்டிதான் கலை அருங்காட்சியகம். மோர்கர், டெகெலோ, கெரெஸ் மூவரின் வடிவமைப்பு, 2000-ல் திறந்தது. தூரத்திலிருந்து கருங்கல் என்றே தோன்றும். ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். கறுப்பு எரிமலைக் கல்லான பசால்ட்டும் நிறநிறமான ஆற்றுக் கூழாங்கற்களும் கலந்து வார்த்த கான்கிரீட். காய்ந்தபின் கண்ணாடிபோலத் தேய்த்திருக்கிறார்கள். அறுபட்ட கூழாங்கல்லின் உட்பக்கம் பச்சை, சாம்பல், செம்மை என்று தெரியும். அதன்மேலேயே எதிரிலுள்ள மரமும் வானமும் நிழலாடும். கட்டடத்துக்குள் போக நேரமில்லாதவர்களும் இந்தச் சுவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே 2015-ல் சேர்த்த வெள்ளைக் கட்டடம். வாசலருகே கொலம்பியச் சிற்பி போட்டேரோவின் படுத்திருக்கும் பெண் சிலை.

ஒரு எச்சரிக்கை. மன்னரிடமுள்ள, 17-ம் நூற்றாண்டு ஓவியர் ரூபென்ஸின் ஓவியங்களைத் தேடி இங்கே வருகிறவர்கள் உண்டு. அந்தப் பெருந்தொகுப்புக்குரிய அரண்மனைகள் வியன்னாவில் இருக்கின்றன. வாடுஸ் கூடத்தின் பலம் நவீன, சமகாலக் கலை.

முத்திரையும் தபால்தலையும்

சுற்றுலா மையம் ஷ்டெட்லெவிலேயே இருக்கிறது. சில பிராங்கு கொடுத்தால் பாஸ்போர்ட்டில் நாட்டின் பெயரோடு முத்திரை குத்துவார்கள். பலர் வாங்குகிறார்கள், ஆனால் எங்கள் பரிந்துரை வேண்டாம் என்பதே. அது குடியேற்ற அதிகாரியின் முத்திரை கிடையாது, நினைவுப்பொருள். அதிகாரபூர்வப் பக்கத்தில் அதிகாரபூர்வமல்லாத முத்திரை இருந்தால் வேறொரு நாட்டு எல்லையிலோ அடுத்த விசா விண்ணப்பத்திலோ கேள்வி வரலாம். அடிக்கடி விசா கேட்கவேண்டிய பாஸ்போர்ட் நம்முடையது. அதே முத்திரையை ஒரு அஞ்சலட்டையில் குத்தித் தரச் சொல்லுங்கள்.

அந்த அட்டைக்கு லிக்டென்ஸ்டைன் தபால்தலை ஒட்டி, அதே ஊரில் மஞ்சள் பெட்டியில் போட்டுவிடுங்கள். "சூரிச் போய்ப் போட்டுக்கொள்ளலாம்" என்று எடுத்துப்போனால் அட்டை போகாது. இந்தத் தபால்தலை சுவிட்சர்லாந்தில் செல்லாது, சுவிஸ் தபால்தலை இங்கே செல்லாது. பணமும் சுங்கமும் பொதுவாக இருப்பதால் தபாலும் பொது என்று நினைத்துவிடுகிறார்கள்.

சாப்பாடு

உள்ளூர்ச் சாப்பாடு என்று கேட்டால் முதலில் சொல்வது கேஸ்க்னோப்ஃப்ளெ. மாவைத் துளைத்தட்டில் தேய்த்து, கொதிக்கும் நீரில் முத்துமுத்தாக விழச்செய்து, அரித்தெடுத்து, காரமான பாலாடைக்கட்டியோடு அடுக்கி, மேலே பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் தூவுவார்கள். தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். கனமான சாப்பாடு, இருவருக்கு ஒரு தட்டும் ஒரு சாலட்டும் போதும். சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: இறைச்சி இல்லை என்றாலும் மாவில் முட்டை உண்டு, பாலாடைக்கட்டியில் விலங்கு ரென்னெட் (பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள்) இருக்கலாம்.

முட்டையும் வேண்டாம் என்பவர்கள் ரீபெல் கிடைக்குமா என்று கேளுங்கள். மக்காச்சோள ரவையைப் பாலும் நீரும் கலந்து வேகவைத்து, ஆறவிட்டு, வாணலியில் வெண்ணெய் விட்டு உதிர உதிரக் கிளறுவது. நம் உதிரி உப்புமாவின் பக்குவம், தாளிப்பு மட்டும் கிடையாது. ஒரு காலத்தில் ஏழைவீட்டு அன்றாட உணவு, அதனால் எல்லா உணவகத்திலும் இருக்காது. சமையலறைகள் பிற்பகல் 2 மணிக்கு மூடிவிடும் இடங்கள் அதிகம், ஆகவே 1 மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள்.

பிற்பகல்: பழைய ஊரும் திராட்சைத் தோட்டமும்

பேருந்துக் கூட்டம் நகர்மன்றக் கட்டடத்தோடு திரும்பிவிடும். நீங்கள் அதைத் தாண்டி வடக்கே நடங்கள். அங்கிருந்து மிட்டல்டோர்ஃப் என்ற பழைய குடியிருப்பு தொடங்குகிறது. பழைய வீடுகள், கொல்லைத் தோட்டங்கள், வீட்டுக்குப் பின்னால் நேராக ஏறும் மலை. மேட்டில் திராட்சைக்கொடிகளுக்கு நடுவே படிக்கட்டுபோல் வெட்டிய முகடுடன் சிவந்த கட்டடம் தெரியும்: சிவப்பு வீடு. இடைக்காலக் கோபுர வீடு. நெடுங்காலம் ஒரு மடத்தின் சொத்து, 1807-ல் ரைன்பெர்கர் குடும்பத்துக்கு வந்தது. இந்தக் குடும்பப் பெயரை ஊரில் வேறு இடங்களிலும் காண்பீர்கள். இசையமைப்பாளர் யோசஃப் ரைன்பெர்கர் 1839-ல் வாடுஸில் பிறந்தவர். சிவப்பு வீடு தனியார் சொத்து, சாலையிலிருந்தே பாருங்கள்.

அடுத்தது மன்னரின் ஹேராவிங்கெர்ட் திராட்சைத் தோட்டம், ஏறத்தாழ 4 ஹெக்டேர். ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சிவப்பு மதுவுக்கான பினோ நுவார் திராட்சை பழுப்பதற்கு ஒரு காரணம், தெற்கிலிருந்து மலை தாண்டி இறங்கும், ஃபோன் (Föhn) எனப்படும் காற்று. மலையேறும்போது ஈரத்தை உதிர்த்துவிட்டு, இறங்கும்போது சூடேறி வரும் உலர்காற்று அது. அடிக்கும் நாளில் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் துல்லியமாகத் தெரியும். சிலருக்குத் தலைவலியும் வரும். தோட்ட ஓரப் பாதையிலிருந்து திரும்பிப் பாருங்கள். இப்போது வெயில் மேற்கே போயிருக்கும், காலையில் கறுத்துத் தெரிந்த கோட்டை முழு வெளிச்சத்தில் நிற்கும். படத்துக்கான நேரம் இதுதான்.

மாலை: மரப்பாலத்தில் நடந்து நாட்டை விட்டு வெளியேறுங்கள்

வந்த வழியே பேருந்தில் திரும்பலாம். கால் இன்னும் தாங்கினால் இந்த வழியைப் பிடியுங்கள். மையத்திலிருந்து மேற்கே அரை மணி நேரம் நடந்தால், கால்பந்து அரங்குக்கு அருகே, ரைன் கரை. அங்கே கூரைபோட்ட பழைய மரப்பாலம், 135 மீட்டர். முதலில் 1871-ல் போட்டது, இப்போதுள்ளது 1901-ல் புதுப்பித்துக் கட்டியது. சுவிட்சர்லாந்துக்கும் லிக்டென்ஸ்டைனுக்கும் நடுவே ரைன்மேல் எஞ்சியிருக்கும் ஒரே மரப்பாலம் இது. வண்டிகளுக்கு அனுமதியில்லை, நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும்.

உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் குறையும், பலகை காலடியில் அதிரும், இடுக்கில் ஆற்றின் இரைச்சல் கேட்கும். பாதி வழியில் எல்லையைக் குறிக்கும் அடையாளம் உண்டு. அங்கே ஒரு காலை இந்த நாட்டிலும் மறுகாலை அந்த நாட்டிலும் வைத்து நிற்கலாம். கூரை ஏன் என்று கேட்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: மழையும் பனியும் நேரே விழுந்தால் தாங்குமரங்கள் சில பத்தாண்டுகளில் உளுத்துவிடும், அந்த மரங்களைக் காக்கத்தான் கூரை.

அக்கரை இறங்கினால் செவெலென் என்ற சுவிஸ் ஊர். அரை மணி நேரத்துக்குள் அதன் ரயில் நிலையத்தை அடையலாம். அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சார்கான்ஸ், பிறகு சூரிச். இந்தச் சிறு நிலையத்தில் ரயில்கள் இடைவெளிவிட்டே வரும் என்பதால் பாலத்துக்குக் கிளம்புமுன்பே செயலியில் நேரத்தைப் பார்த்து, 15 நிமிடம் முன்னதாகப் போய்ச் சேரும்படி நடையைக் கணக்கிடுங்கள். குளிர்காலத்தில் 5 மணிக்கே இருட்டிவிடும், அப்போது 3 மணிக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் 21-ம் எண் பேருந்தைப் பிடித்து, 1300 வாக்கில் சுவிட்சர்லாந்தின் வாலிஸ் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் குடியேறிய ட்ரீசன்பெர்க் வழியாக, 1,600 மீட்டர் உயரத்திலுள்ள மல்பூன் வரை போய்வாருங்கள். அரை நாள்தான் உண்டு என்றால், சார்கான்ஸ் திரும்பும் 11-ம் எண் பேருந்தில் பால்ட்ஸர்ஸில் இறங்குங்கள். ஊர் நடுவே தனிப்பாறைமேல் நிற்கும் கூட்டன்பெர்க் கோட்டைக்குப் பத்து நிமிட ஏற்றம். வாடுஸ் கோட்டையைப் போல வாசலில் நின்று திரும்ப வேண்டியதில்லை, இதன் முற்றத்துக்குள் போய் உட்காரலாம்.